எல்லைப் பகுதி நில உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவோர்க்கு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தமிழக–கேரள எல்லையில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் ஆகிய சோதனைச் சாவடிகளுக்கு இருபுறமும் உள்ள ஊர்களில், பூமி ஒரு மாநிலத்திலும் அதன் உரிமையாளர் மறு மாநிலத்திலும் இருப்பது சாதாரணம். கொழிஞ்சாம்பாறையில் குடியிருப்பவருக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கும். பொள்ளாச்சிக்காரருக்குச் சித்தூர் வட்டத்தில் அண்ணன் தம்பிகளோடு பொதுவில் கிடக்கும் பங்கு இருக்கும். இருவருடைய பிள்ளைகளும் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். இப்படிப்பட்ட நிலம் விற்பனைக்கு இருக்கிறது என்று எந்தப் பலகையும் சொல்லாது. உரிமையாளருக்கு நேரடியாகத் தபாலில் எழுதிக் கேட்பதுதான் வழி. இப்பகுதியில் நிலத் தரகு செய்யும் நான் இந்த வழியைத்தான் பெரிதும் நம்புகிறேன். கடிதம் பலன் தராதபோது பெரும்பாலோர் செய்வது கடிதங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. அது பிழையைப் பெருக்குமே தவிர நீக்காது. எந்த இடத்தில் தடைபட்டது என்பதை அறிகுறி காட்டிவிடும். அங்கிருந்து தொடங்குவதே முறை.

கடிதங்கள் திரும்பி வருகின்றன

முதலில் பார்க்க வேண்டியது, விலாசம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை. தமிழக அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் பட்டாதாரரின் பெயரும் அவருடைய தந்தை அல்லது கணவர் பெயரும் கிடைக்கும். அவர் எங்கே குடியிருக்கிறார் என்பது பட்டாவில் இராது. அந்தப் பெயரோடு நிலம் இருக்கும் கிராமத்தின் பெயரைச் சேர்த்து எழுதி அனுப்புவதே கடிதங்கள் திரும்புவதற்கு முதற்காரணம். நிலம் இருக்கும் ஊரில் உரிமையாளர் இல்லை என்பதால்தானே கடிதமே எழுதுகிறோம்.

விலாசம் பத்திரத்தில் இருக்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்தால், அந்தச் சர்வே எண்ணில் கடைசியாக நடந்த கிரயம், தானம் அல்லது பாகப்பிரிவினையின் ஆவண எண்ணும் ஆண்டும் தெரியும். அந்த எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடலாம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தைப் பார்வையிடவும் அதிலிருந்து நகல் பெறவும் யாருக்கும் உரிமை தருகிறது. நகல் கைக்கு வந்ததும் விலாசத்தோடு வயதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1986இல் எழுதிய பத்திரத்தில் வாங்கியவரின் வயது 52 என்று இருந்தால், அவர் இன்று இருந்தால் 90ஐக் கடந்திருப்பார். அவர் பெயருக்கு மட்டும் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில் பொருள் இல்லை.

இரண்டாவது காரணம், விலாசத்தை எழுதும் முறை. நம் பக்கம் கதவு எண்ணும் தெருவும், தோட்டத்தில் குடியிருப்பவர் என்றால் தோட்டத்தின் பெயரும் இருந்தால் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார். கேரளப் பக்கம் வீட்டுப் பெயர் முக்கியம். வீட்டுப் பெயரை விட்டுவிட்டு ஆள் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினால், ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் ஊரில் அந்தக் கடிதம் யாருக்கும் சேராது. பழைய பத்திரங்களில் வீட்டுப் பெயர் பெரும்பாலும் ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். நகலெடுப்பவர் அதை முன்னெழுத்தாகச் சுருக்கியிருந்தால் மூலத்தைப் பார்த்து விரித்து எழுத வேண்டும். எல்லைக்கு அப்பால் போகும் உறைகளில் விலாசம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். தமிழில் மட்டும் எழுதினால் பிரிக்கும் இடத்திலேயே தேங்கும். பின்கோடு தமிழகத்தில் 6 என்று தொடங்குவது போலவே கேரளத்திலும் தொடங்குகிறது; ஆனால் கேரளத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் 67, 68, 69 ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். பாலக்காட்டு விலாசத்தில் 642 என்று பொள்ளாச்சியின் எண்ணைப் பழக்க தோஷத்தில் எழுதிவிட்ட உறைகள் என் கையாலேயே போயிருக்கின்றன.

மூன்றாவது, திரும்பி வந்த உறையைப் படிக்காமல் குப்பையில் போடுவது. என்னைப் பொறுத்தவரை, திரும்பி வரும் உறைதான் இந்த வேலையிலேயே மிகுந்த தகவல் உள்ள காகிதம். ‘விலாசதாரர் இல்லை’ என்பதும் ‘வேறிடம் சென்றுவிட்டார்’ என்பதும் ‘வாங்க மறுத்தார்’ என்பதும் மூன்று வேறு செய்திகள். முதலாவது விலாசப் பிழையைக் காட்டும். இரண்டாவது, அந்த வீட்டில் விசாரித்தால் புது விலாசம் கிடைக்கலாம் என்று சொல்லும். மூன்றாவது, ஆள் அங்கேயே இருக்கிறார், ஆனால் அவருக்கு விருப்பம் இல்லை என்பதைக் காட்டும். அவருக்கு மறுபடி எழுதக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உறை என்னிடம் திரும்பி வந்தது. விலாசத்தின் குறுக்கே நீல மையில் மலையாளத்தில் ஒரே ஒரு சொல். மீனாட்சிபுரத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவரிடம் காட்டினேன். ‘மரிச்சு’ என்று படித்துவிட்டு உறையை மெதுவாக மேசைமேல் வைத்தார். பட்டாவோ இறந்தவர் பெயரிலேயே இருந்தது. அதாவது குடும்பத்தார் இன்னும் பெயர் மாற்றவில்லை. நிலம் யார் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கிறது. ஒரு மாதம் விட்டு, அதே விலாசத்துக்கு ‘அன்னாரின் குடும்பத்தாருக்கு’ என்று எழுதி, அவர் மறைவை அறியாமல் முன்பு எழுதியதற்கு வருத்தம் தெரிவித்து அனுப்பினேன். அவர் மனைவி அழைத்தார். “மொத லெட்டரப் போஸ்ட்மேன் கொண்டாந்தப்ப நாந்தாந் தம்பி திருப்பி அனுப்பச் சொன்னேன். போனவரு பேருக்கு வந்தத எப்புடிக் கையெழுத்துப் போட்டு வாங்கறது?” என்றார். அன்றிலிருந்து, பத்திரத்து வயதைக் கொண்டு கணக்கிட்டால் இன்று 70ஐத் தாண்டும் யாருக்கும் எழுதும்போது ‘அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும்’ என்று விலாசத்திலேயே சேர்த்துவிடுகிறேன். முதல் கடிதத்தைக் கையெழுத்து வாங்கும் தபாலில் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். கையெழுத்துக் கேட்கும் உறையைக் கண்டால் கிராமத்தில் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் முதலில் நினைப்பார்கள். 20 கிராமுக்குள் அடங்கும் சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய்த் தலை போதும். 2025இல் பதிவுத் தபாலைத் தன்னோடு இணைத்துக்கொண்ட விரைவுத் தபாலை, பேச்சு முற்றி ஆவணங்கள் கைமாறும் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடிதம் திரும்பவும் இல்லை, பதிலும் இல்லை

கடிதம் சேர்ந்துவிட்டது, ஆனால் படித்தவருக்கு அது தம்மைப் பற்றியது என்று தோன்றவில்லை என்பதே இந்த அறிகுறியின் பொருள். ‘உங்கள் நிலத்தை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், உடனே அழைக்கவும்’ என்று அச்சடித்த தாள் செய்தித்தாளுக்குள் வரும் விளம்பரத்தோடு சேர்ந்து போய்விடும். எந்த நிலம் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அதுவும் உரிமையாளர் வாயில் வழங்கும் அளவில் இருக்க வேண்டும். பட்டாவில் 0.97 ஹெக்டேர் என்று இருக்கும். அந்தக் குடும்பம் அதை ‘2 ஏக்கர் 40 சென்ட்’ என்றுதான் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறது. நான் எழுதும் கடிதத்தின் உடல் ஏறக்குறைய இவ்வளவுதான்:

“தங்கள் குடும்பத்துக்குப் பாத்தியப்பட்ட இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணில் உள்ள 2 ஏக்கர் 40 சென்ட் தோப்பை வாங்க விரும்பும் ஒருவருக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன், நான் தரகன். தங்கள் விவரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திர நகலிலிருந்து பெற்றேன். விற்கும் எண்ணம் தங்களுக்கு இல்லையென்றால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். எண்ணம் இருந்தால், குடும்பத்தில் அனைவரும் கலந்து பேசிய பிறகு, கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கலாம். அவசரம் எதுவும் இல்லை.”

‘அவசரம் எதுவும் இல்லை’ என்ற வரியை நீக்கிவிடச் சொல்லிப் பலர் எனக்கு யோசனை கூறியிருக்கிறார்கள். நான் நீக்க மாட்டேன். கடிதத்தைப் பிரிப்பவர் பெரும்பாலும் வயதானவர். அவருக்குப் பூமியை விற்பது பிள்ளைகளோடு பேச வேண்டிய காரியம். அவரை விரட்டினால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார், சாத்திக்கொள்வதும் நியாயமே.

மொழியும் காரணமாக இருக்கலாம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் பெரியவர்கள் பலர் தமிழில் படித்தவர்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் மலையாளத்தில்தான் சரளமாகப் படிக்கிறார்கள். தாளின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் என்று எழுதினால் யார் கையில் கிடைத்தாலும் படிக்கப்படும். மலையாளப் பக்கத்தை அந்த மொழியில் பிறந்த ஒருவர் பார்த்துத் திருத்துவது அவசியம். ‘நிலம்’ என்றால் நமக்குப் பொதுவாகப் பூமி, அங்கே வருவாய்ப் பதிவேட்டில் அது நெல்வயலைக் குறிக்கும். வீடும் மரமும் நிற்கும் இடம் ‘புரயிடம்’. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதிய கடிதம், எழுதியவருக்கு அந்த ஊர் தெரியாது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடியில் நம்மவர்கள் அட்வான்ஸ் கொடுக்கவும் வாங்கவும் தயங்குவார்கள். அதே மாதம் கேரளத்தில் கர்க்கடகம், அங்கும் அதே தயக்கம். அந்த மாதத்தில் போய்ச் சேரும் கடிதம் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. ஆடி முடியும் வாரத்தில் தபாலில் சேர்த்தால், ஓணத்துக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வீடு வரும் வேளையில் கடிதம் வீட்டில் இருக்கும். முடிவெடுக்கும் நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஆண்டில் அந்தச் சில நாட்கள்தான். ஏப்ரல், மே விடுமுறையும் அப்படியே. ஒரே கடிதத்தோடு நிறுத்திவிடாமல், மூன்று நான்கு மாத இடைவெளியில் இரண்டாவதும் மூன்றாவதும் எழுதலாம். மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுவது மரியாதை.

பதில் கோபத்தோடு வருகிறது

“என் விலாசம் உனக்கு எப்படிக் கிடைத்தது?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. விவரம் எங்கிருந்து பெறப்பட்டது என்பதைக் கடிதத்திலேயே எழுதியிருந்தால் இந்தக் கோபத்தில் பாதி எழாது. மீதிப் பாதிக்குக் காரணம் கடிதத்தின் உள்ளடக்கம். பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் தென்னையை வேர் வாடல் நோய் தாக்கிய பிறகு, ‘உங்கள் தோப்பு நோய் கண்டிருக்கிறது, இப்போதே விற்றுவிடுவது நல்லது’ என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். தாத்தா நட்ட மரங்களை வெட்டி அடுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த வரி எப்படி இருக்கும் என்று எழுதும் முன் நினைத்துப் பார்க்க வேண்டும். உரிமையாளரின் கஷ்டத்தைக் கடிதத்தில் குறிப்பிடவே கூடாது: வங்கிக் கடனோ, வழக்கோ, நோயோ எதுவும் வேண்டாம். அவர் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கோபத்தோடு அழைத்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, பட்டியலிலிருந்து பெயரை அன்றே நீக்கிவிட்டு, நீக்கியதைச் சொல்லிவிட வேண்டும்.

தரகர்கள் மட்டுமே அழைக்கிறார்கள்

உரிமையாளர் கடிதத்தைத் தமக்குத் தெரிந்த உள்ளூர்த் தரகரிடம் காட்டி விசாரித்திருக்கிறார் என்று பொருள். இது கெட்ட அறிகுறி அல்ல. கடிதம் படிக்கப்பட்டது என்பதற்கு அத்தாட்சி. அந்தத் தரகரைத் தாண்டிப் போக முயல வேண்டாம். உரிமையாளரோடு ஒரு முறை மூவருமாக உட்கார்ந்து, கமிஷன் யாரிடமிருந்து யாருக்கு என்பதை அப்போதே பேசித் தெளிவாக்கிக்கொண்டால் போதும்.

“என்ன விலை தருவீர்கள்?” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது

நிலத்தைப் பார்க்காமல் தொலைபேசியில் விலை சொல்வதே இங்கே பிழை. கூடச் சொன்னால் பிறகு குறைக்க நேரும், குறைத்தால் நம்பிக்கை போகும். குறையச் சொன்னால் அடுத்த அழைப்பு வராது. வழித்தடம், கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் பாசனம், மின் இணைப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகே விலை பேச முடியும் என்று சொல்லி, பார்க்க ஒரு நாளைக் கேட்க வேண்டும். அதற்கு முன் அரசு மதிப்பை இருவரும் அறிந்திருப்பது பேச்சைச் சுலபமாக்கும். தமிழகத்தில் அது வழிகாட்டி மதிப்பு. கேரளத்தில் ‘ந்யாய வில’. தமிழகத்தில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023இலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கேரளத்தில் 8 சதவீதமும் 2 சதவீதமும். வாங்குபவரின் கையிலிருந்து 9 அல்லது 10 சதவீதம் இப்படிப் போகிறது என்பதை விற்பவரும் தெரிந்துகொண்டால், அவர் கேட்கும் விலைக்கும் நீங்கள் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியின் ஒரு பகுதி விளங்கிவிடும். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற பேச்சு வந்தால் நான் எழுந்துவிடுவேன். அட்வான்ஸானாலும் மீதித் தொகையானாலும், அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் பெற்றவர் தலையில், அதாவது பெரும்பாலும் அந்த வயதானவர் தலையில், விழும்.

விலை முடிந்தது, ஆனால் கிரயம் நடக்கவில்லை

மற்ற பிழைகள் காலத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இது பணத்தையும் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் கடிதத்தை ஒருவருக்கு எழுதியிருப்போம், உரிமையோ பலரிடம் இருக்கும். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய் என அனைவருக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான உரிமையைத் தமிழகம் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் கொண்டுவந்தன. 2020இல் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. “பொண்ணுகளுக்கெல்லாம் செஞ்சாச்சுங்க, அவங்க கேக்க மாட்டாங்க” என்று அண்ணன் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தங்கை வராததால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் அறிவேன். தங்கை மீது தவறில்லை. அவரிடம் யாரும் முதலில் கேட்கவில்லை என்பதுதான் தவறு. வாரிசுச் சான்றில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் போவதே இதற்குத் தீர்வு. விலை பேசும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

கேரளப் பக்கத்து நிலமானால், 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்த்தட நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தயாரிக்கப்பட்ட டேட்டா பேங்கில் (நெல்வயல், நீர்த்தட நிலங்களின் பட்டியலில்) அந்தச் சர்வே எண் இருக்கிறதா என்பதை அட்வான்ஸுக்கு முன் பார்க்க வேண்டும். பார்வைக்குத் தென்னை நிற்கும் மேட்டு நிலமாக இருக்கும். பதிவேட்டில் நெல்வயலாகவே இருக்கும். அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்காது. தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தால் 5ஆம் எண் படிவத்தில் வருவாய்த் துறைக்கு விண்ணப்பித்து நீக்கலாம்; அந்த முடிவு வந்த பிறகே கிரயம் என்று அக்ரிமென்டில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. கூடவே, நில வரி ரசீதில் உள்ள தண்டப்பேர் எண் (உரிமையாளரின் நிலக் கணக்கு எண்) யார் பெயரில் இருக்கிறது, போக்குவரவு (பதிவேட்டில் பெயர் மாற்றம்) முடிந்திருக்கிறதா என்பதையும் வில்லேஜ் ஆபீசில் கேட்டறிய வேண்டும். தமிழகப் பக்கம் மனையாக இருந்தால், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, இல்லையென்றால் 20 அக்டோபர் 2016க்கு முன் கிரயமாகி வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று பார்த்தால் போதும்.

உரிமையாளர் வளைகுடாவில் இருந்தால் பவர் பத்திரம் தேவைப்படும். அது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிடப்பட வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடிருப்பதற்கான சான்றும் தமிழகப் பதிவு அலுவலகங்களில் கேட்கப்படும். ஊரகப் பகுதி விவசாய நிலம் அல்லாத சொத்து 50 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும்; விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் மிகக் கூடுதல். இதை ஆடிட்டரிடம் கேட்டு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடாவிட்டால், கிரயத்தன்று கையில் வரும் தொகையைப் பார்த்து விற்பவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

ஓராண்டு கழித்து அழைப்பு வருகிறது, யாரென்று நினைவில்லை

இது எனக்கு அடிக்கடி நடக்கிறது. கடிதத்தை உரிமையாளர் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருப்பார். மகளின் கல்யாணச் செலவோ பாகப்பிரிவினையோ வரும்போது எடுத்துப் பார்த்து அழைப்பார். “போன வருசம் லெட்டர் போட்டீங்களே, அந்த பூமிங்க” என்பார். எந்தப் பூமி என்று நாம் திரும்பக் கேட்டால், அவர் அத்தனை நாள் வைத்திருந்த நம்பிக்கை அந்த நொடியில் போய்விடும். அதனால் உரிமையாளருக்கு ஒரு பக்கம் வீதம் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். மேலே வீட்டுப் பெயரும் ஊரும், அதன் கீழே சர்வே எண், ஏக்கரிலும் சென்டிலும் பரப்பு, பத்திர எண், வாரிசுகள், கடிதம் போன தேதிகள், திரும்பிய உறையில் தபால்காரர் எழுதிய சொல். தொலைபேசியில் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் பக்கத்தைப் புரட்டி, “சொல்லுங்கம்மா, கிழக்கே கிணறு இருக்கற அந்த ரெண்டு ஏக்கரு நாப்பது சென்ட்டுத் தோப்புங்களா?” என்று கேட்க முடிய வேண்டும்.